அட்டை கடித்த துரை

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அறுபத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தவன் நான்.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹாலிஎலைக்கு மேலேயுள்ள பழைய துரை பங்களா விடுதியானபோது, பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலை கேட்டுப் போனேன். (வீட்டில் சும்மா இருந்து ஜன்னல் கம்பிகளை எண்ணியதில் மனைவி ராசம்மா பொறுமை இழந்திருந்தாள்.)

"இன்னைக்கு ஒரு நாள் பாப்போம் மாஸ்டர். சரியா வந்தா வேலை உங்களுக்குத்தான்" என்றார் மனேஜர்.

கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட பழைய அச்சுப் படங்கள் பதினொன்று இருந்தன. எல்லாவற்றிலும் தொப்பை விழுந்த வெள்ளைக்காரர்கள். கீழே எழுதியிருந்தது எனக்குத் தெரியாத பாஷை. செத்துப்போன துரைமார் என்று முடிவு கட்டினேன். செத்தவர் படத்தை வெறுமனே விடலாமா? பதினொரு சந்தனப் பொட்டு, பதினொரு செவ்வந்தி மாலை.

முதலில் வந்தவர் சித்திரம் கற்பிக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பயபக்தியோடு விளக்கினேன். கப்பல் கம்பத்தில் கட்டப்பட்டிருப்பவர், இலங்கைக்கு வரும் வழியில் கடல் மயக்கம் கண்ட பெரிய துரை. குதிகாலைப் பிடித்து முகம் சுளிப்பவர், தேயிலை மலையில் அட்டை கடித்த சின்னத் துரை.

"இவர்களுக்கு ஏன் உடுப்பு இல்லை?"

"எங்கள் ஊர் மழை அப்படி, அம்மா. காயப்போட்டிருப்பார்கள்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அவர்கள் கிரேக்கப் புராண வீரர்களாம். கம்பத்தில் இருப்பவர் கடல் மோகினிகளின் பாட்டுக்குத் தப்பக் கட்டப்பட்டவராம்; குதிகாலைப் பிடித்தவருக்கு அங்கே அம்பு தைத்ததாம். ஊரே கொண்டாடியவர்களை, ஒரு சித்திரக்காரர் தொப்பையும் சுருக்கமுமாக வரைந்து கேலி செய்திருக்கிறார்.

"அவர் பாடுபட்டுக் கீழே இறக்கியவர்களை, நீங்கள் ஒரே காலையில் மறுபடியும் சாமியாக்கிவிட்டீர்கள்."

பின்னால் மனேஜர் நின்றிருந்தார். "என்னா மாஸ்டர் இது, கண்ணாடியெல்லாம் சந்தனம்?"

வேலை போயிற்று என்று துணியோடு ஓடினேன். அந்த அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "துடைப்பது இருக்கட்டும். முதலில் பாருங்கள்."

பார்த்தேன். குதிகாலைப் பிடித்தவரின் முகத்தில் மொத்தம் பதினேழு கோடுகள். மறுபடி எண்ணினேன், பதினேழுதான். அதற்குள் ஒரு வீரனின் வீறாப்பு முழுவதும் கழன்று விழுந்திருந்தது. வலி மட்டும் அப்படியே நின்றது. வரைந்த கையைக் கும்பிடத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவனுக்கு, பதினேழு கோட்டில் ஒரு மனிதன் எப்படி வந்தான் என்பது இன்றும் பிடிபடவில்லை.

மாலைகள் அப்படியே இருக்கட்டும் என்று அந்த அம்மா மனேஜரிடம் சொன்னார். வேலையும் இருந்தது.

நடந்ததை ராசம்மாவிடம் சொல்லிவிட்டதால், வீட்டில்தான் தப்ப முடியவில்லை. குதிகால் வெடிப்பில் நான் லேசாக முனகினால் போதும். அடுப்படியிலிருந்து ராசம்மா குரல் கொடுப்பாள்:

"என்னங்க, அட்டையா? உடுப்பக் காயப்போட்டுட்டு அசையாம உக்காருங்க. பொட்டு வைக்க வாறேன்."