ஆரணி வரைக்கும் ஒரு கூரை

இந்த உலகத்தில் எந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்பதை, கடவுளுக்கு அடுத்தபடியாக முழுசாகத் தெரிந்து வைத்திருந்தவர் மில்லி சார் ஒருவர்தான். கடவுள் தெரிந்தும் சும்மா இருக்கிறார். மில்லி சாரால் அது முடியாது.

பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைக்க வேண்டாம். மில்லிமீட்டரின் மில்லி அது. பல கார் கம்பெனிகளில், கடைசியாக ஒரகடத்தில் ஒன்றில், தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூடிய கார்க் கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று அளப்பதுதான் அவர் வேலை. அதற்கான கருவி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். தாள் போல மெல்லிய எஃகுத் தகடுகள், விசிறி மாதிரி விரியும். ஃபீலர் கேஜ் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அளக்கக் கார் கிடைக்கவில்லை. அதனால் ஊரை அளக்க ஆரம்பித்தார்.

சலூன் கதவில் தகட்டைச் செருகிப் பார்த்து, "மேல நாலு, கீழ ஏழு. இத்த வெச்சுக்கினு எப்பிடிக் கடைய நடத்துறீங்க?" என்று கேட்பார். குன்றத்தூர் மலைக்கோயிலில் ஒரு படி மட்டும் மற்றதைவிட ஆறு மில்லி உயரம் என்று குருக்களிடம் புகார் சொன்னார். "என் முழங்கால் பத்து வருஷமா அதத்தான் சொல்லிண்டிருக்கு" என்றாராம் குருக்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாலை இடது பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் மேடை ஏறிச் சரிசெய்தார். கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

எனக்குப் படப்பை போகிற சாலையில் குஷன் கடை. ஆட்டோ ஹூட், ஜீப் டாப், கம்பெனி பஸ் சீட் தைப்பேன். நாள் முழுக்கக் கண்டெய்னர் லாரி கிளப்பும் தூசியைத் தின்றுகொண்டு, வலது தோள் வலியோடு உட்கார்ந்திருப்பேன். அதிகம் பேச மாட்டேன். யாராவது எதிரே வந்து நின்றால் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவேன். மில்லி சாருக்கு இது வசதியாகப் போயிற்று. தினமும் காலையில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் பேசுவார், நான் கோப்பேன்.

பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் மாரி சங்கரன்கோவில்காரன். ஒருநாள் எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்தான். மில்லி சார் இரண்டு கிளாஸையும் ஒட்டி வைத்துக் குனிந்து பார்த்தார்.

"மாரி, இதுல மூணு மில்லி கம்மி."

"சார், டீய குடிக்க வந்தியளா, அளக்க வந்தியளா?"

"ரெண்டும் ஒரே லைன்ல தானே வருது? வேரியேஷன் எங்கேர்ந்து வருது?"

"கை வலிக்கி சார். அங்கேருந்துதான் வருது."

மில்லி சார் அதை யோசித்துப் பார்த்து, குறைந்த கிளாஸைத் தான் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை ஒரு மினி லாரி என் கடை முன்னால் நின்றது. அதன்மேல் கயிறு கட்டிய பழைய கார் ஒன்று. கூரை இல்லை. கூரை இருந்த இடத்தில் மூன்று இரும்பு வளைவுகள் மீன் முள் போல நின்றன. ஒரு பக்கம் மட்டும் பழைய துணி தொங்கியது. காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மில்லி சார் உட்கார்ந்திருந்தார். லாரி திரும்பினபோதெல்லாம் அவரும் திருப்பிக்கொண்டே வந்தாராம்.

"மண்ணூர்ல ஒரு தோட்டத்து ஷெட்ல கெடந்துச்சு மேஸ்திரி. இன்ஜின் நல்லா ஓடுது. டாப்புதான் பாதி எலி துன்னுட்ச்சு. புதுசா ஒண்ணு தச்சு மாட்டணும். மடக்கினா மடங்கணும், தூக்கினா மூடணும்."

சுற்றிலும் நாளுக்கு நூற்றுக்கணக்கில் புதுக் கார் வெளியே வருகிற ஊரில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஊசியை எடுத்தேன்.

காரணத்தை மறுநாள் அவர் மனைவி வந்து சொன்னார். ஷேர் ஆட்டோவில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், உடம்பில் பாதி வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்து வந்து இறங்கினார். அவரை நான் அக்கா என்பேன்.

"எனக்கு மூடின வண்டி ஆவாது தம்பி. கார் கதவ சாத்தினா கொமட்டும். பஸ்ஸும் அப்பிடித்தான். ஷேர் ஆட்டோல ஓரமா குந்திக்கினா ஒண்ணும் பண்ணாது. இந்தாண்ட தாம்பரம், அந்தாண்ட வாலாஜாபாத். என் ஒலகம் அவ்ளோதான். இவரு கை வெச்ச காருங்க எந்தெந்த நாட்லயோ ஓடுது. நான் வாலாஜாபாத்த தாண்டினதில்ல."

ஒரே மகளை ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணம் படப்பையிலேயே நடந்தது. மகள் வாழும் வீட்டை அக்கா இன்னும் பார்க்கவில்லை. இப்போது மகளுக்கு ஏழாம் மாதம். ஆரணியில் வளைகாப்பு. முதல் வளையலை அம்மாதான் போட வேண்டும் என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். திறந்த கார் இருந்தால் அக்கா போவார். ஆனால் வளைகாப்பு ஐப்பசியில். மழைக்குக் கூரையும் வேண்டும்.

"ஆட்டோவே ஒண்ணு பேசிக்கிட்டு ஆரணி போயிடலாமே அக்கா" என்றேன். எனக்கு அது நீளமான பேச்சு.

"சொன்னேனே. முப்பது வருசம் காருக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டினவன் பொண்டாட்டி சம்பந்தி வூட்டுல ஆட்டோல போயி எறங்குறதான்னு ஒரு நாள் பூரா வாயத் தொறக்கல. நல்லாத்தான் இருந்துச்சு அன்னிக்கு."

மூன்று வாரம் இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே வழி. துணியை வளைவுகளின்மேல் போட்டு இழுத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவது. மில்லி சார் தலையை ஆட்டினார்.

"அது கண்ணளவு மேஸ்திரி. வலப்பக்கத்துப் பழைய துணி முழுசா கீது பாருங்க. அத்த அளந்து அப்பிடியே திருப்பினா எடப்பக்கம். காருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான?"

இரண்டு நாள் உட்கார்ந்து படம் வரைந்தார். அதில் துணியைவிட எண்கள் அதிகம் இருந்தன. எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. நல்ல கான்வாஸை வெட்டவும் மனசு வரவில்லை. முதலில் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் தைத்துப் பார்ப்போம் என்றேன். கையில் இருந்தது படப்பைப் பக்கம் வீட்டுமனை விற்றவர்களின் பேனர். மாட்டி முடித்தபோது கார்க் கூரையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், 'உங்கள் கனவு இல்லம் இங்கே' என்று இருந்தது.

சாலையில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "எத்தினி சதுர அடி சார்?" என்று கேட்டார். மில்லி சார் கூரையின் அளவைச் சதுர மில்லிமீட்டரில் சொன்னார். அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு அந்த மனிதர் மனைவியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

பிறகு கொக்கி மாட்டினோம். கூரையின் முன்பட்டியை முன்கண்ணாடிச் சட்டத்தில் பூட்ட வலது ஓரத்தில் ஒரு கொக்கி, இடது ஓரத்தில் ஒன்று. வலது பூட்டிக்கொண்டது. இடது எட்டவில்லை. ஒரு விரல் குறைந்தது. மில்லி சார் துணியை அளந்தார். சரியாக இருந்தது. காரை அளந்தார். மறுபடியும் அளந்தார். அந்தக் காலத்தில் கையால் தட்டிச் செய்த கார் அது. இடது பக்கம் வலதைவிட ஒரு விரல் நீளம்.

"மேஸ்திரி, துணி தப்பில்ல. காரு தப்பு" என்றார். பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து, 'ரிஜெக்ட்' என்று எழுதி, தன் காரின் ஸ்டீயரிங்கில் தானே கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் மனை விசாரித்து வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். நிறைய நூல் கோத்தேன்.

நான்காம் நாள் அக்கா வந்தார்.

"காரு கோணலாம். சோறு எறங்க மாட்டேங்குது இவருக்கு. வளகாப்பு கிட்ட வந்துட்ச்சு. நேத்து இவராண்ட சொன்னேன் தம்பி, எனக்கே எடது தோளு எறக்கம்யா, ஜாக்கெட் தைக்கிற பொம்பள பாத்த ஒடனே சொன்னா, முப்பது வருசம் கூடவே கீற, ஒனக்குத் தெரியலியான்னு."

"சார் என்ன சொன்னாரு அக்கா?"

"இன்னா சொல்லுவாரு. ஸ்கேலு எடுத்தாந்து பின்னால நிக்கிறாரு."

மறுநாள் காலையில் மில்லி சார் வந்தார். சிவப்புச் சீட்டை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டார். "அவளுக்குப் பதினொரு மில்லி" என்றார். பிறகு, "சாக்பீஸ எடுங்க" என்றார்.

கான்வாஸை வண்டியின்மேல் போட்டே வெட்டினேன். இடது பக்கம் கூடுதலாக விட்டேன். தைத்து, பசை தடவி, வெயில் ஏறின நேரத்தில் இழுத்துக் கொக்கி மாட்டினேன். இரண்டு பக்கமும் டப் டப் என்று பூட்டியது. மில்லி சார் தகட்டை விட்டார். போகவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். கம்பெனியில் தண்ணீர்ச் சோதனை உண்டு என்றார். சீட்டெல்லாம் முகப்பவுடர் தூவி, உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு சொட்டு விழுந்தாலும் பவுடரில் தெரியுமாம். நான் வெளியே நின்று அரைமணி நேரம் ஹோஸ் பிடித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. வெளியே வந்தபோது அவர்தான் முறுக்கு மாவில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"சார், துணி நனைஞ்சிருக்கு. ஒரு மாசம் கொக்கியக் கழட்டாதீங்க. இழுத்த இழுப்புல காயணும். முன்னாடியே மடக்கினா சுருங்கிடும். அப்புறம் எட்டாது."

"தொட மாட்டேன்." 'திறக்கக் கூடாது' என்று எழுதிக் கொக்கிக்கு மேலேயே ஒட்டினார்.

அக்கா திறந்த காரில்தானே போக முடியும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை. பத்து நாள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததில், கூரை எதற்கு என்பது மறந்துபோயிருந்தது.

வளைகாப்பு அன்று காலை அக்கா பட்டுப்புடவையில், மடியில் வளையல் பெட்டியோடு முன்சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டால் போதும் என்றார் மில்லி சார். வழியில் கூரைக்கு ஏதாவது ஆனால் தைக்க வேண்டும் என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அது சீட் இல்லை, சீட் மாதிரி ஒன்று. முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்.

ஒரகடம் தாண்டியதும் அக்கா எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வாலாஜாபாத் வரும்போது அதைப் பிழிந்தே விட்டார். நெற்றியில் வேர்வை. கை வளையல் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது.

மில்லி சார் ஓரம் கட்டினார்.

"என்னால முடியலய்யா. நீங்க ரெண்டு பேரும் போயி இத்தக் குட்த்துட்டு வாங்க" என்று பெட்டியை நீட்டினார் அக்கா. "நான் ஷேர் ஆட்டோல வூட்டுக்குப் பூடறேன்."

மில்லி சார் பெட்டியை வாங்கவில்லை. கொக்கிக்கு மேலே தான் ஒட்டிய எழுத்தைப் படித்தார்.

"மேஸ்திரி, இப்ப தொறந்தா இன்னா ஆவும்?"

"சுருங்கும் சார்."

"எத்தினி?"

"ரெண்டு விரல் இருக்கும்."

"மில்லில சொல்லுங்க."

"முப்பது. முப்பத்தஞ்சும் ஆகலாம்."

ஒரு மில்லிக்காகக் கார்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஒட்டியிருந்த தாளைக் கிழித்து, இரண்டு கொக்கியையும் கழற்றி, கூரையைப் பின்னால் தள்ளினார். அது என் தலைமேல் வந்து மடிந்தது.

அக்கா மூச்சை இழுத்து விட்டார். வண்டி வாலாஜாபாத்தைத் தாண்டியது. நான் மடிப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா, இங்கயும் இதே டீக்கடைங்கதான் கீது?"

"ஆரணி வரைக்கும் இதேதான்" என்றார் மில்லி சார்.

முதல் வளையலை அக்காதான் போட்டார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையைத் தூக்கினோம். கொக்கி எட்டவில்லை, சரியாக இரண்டு விரல். என் பையில் இருந்த ஆட்டோ ஹூட் பெல்ட்டுகளைக் கொக்கியில் கோத்து இழுத்துக் கட்டினேன். அந்தச் சந்து வழியாகக் காற்றும் சாரலும் உள்ளே வந்தன. மில்லி சார் தோளில் இருந்த துண்டை எடுத்து அக்காவின் மடியில் விரித்தார். தன் மடியில் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. காஞ்சிபுரம் வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டார். மூடின காரில், எலுமிச்சம்பழம் இல்லாமல்.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். "முன்பட்டியப் பிரிச்சு ஒட்டுக் குடுத்துத் தரேன் சார். ஒரு நாள் வேலைதான்" என்றேன்.

மில்லி சார் ஃபீலர் கேஜை எடுத்துச் சந்தில் விட்டார். எல்லாத் தகடுகளும் சேர்ந்தும் அதில் லொடலொடவென்று ஆடின. பையில் போட்டுக்கொண்டார்.

"வெரல வெய்யி" என்றார் அக்காவிடம்.

அக்கா இரண்டு விரலை வைத்தார். கச்சிதமாக இருந்தது.

"எழுதிக்குங்க மேஸ்திரி. முன்பக்க கேப், ரெண்டு வெரலு."

"யாரு விரல் சார்?"

"இவ வெரலு. கூடினாலும் ரிஜெக்ட், கொறஞ்சாலும் ரிஜெக்ட்."

பச்சை நிற ஓகே ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டினார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது. சரிசெய்வார் என்று நானும் மாரியும் காத்திருந்தோம். அவர் டீ கேட்டார்.

இப்போது பேரன் இருக்கிறான். மாதம் ஒருமுறை அந்தக் கார் என் கடையைத் தாண்டி ஆரணிக்குப் போகிறது. அக்கா கை காட்டுவார். அப்படிப் போன நாளில் மழை பிடித்துக்கொண்டால், இந்த மனிதர் மாற்றுச் சட்டை எடுத்துப் போனாரா இல்லையா என்று, ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தபடி நிற்கிறேன்.