லயத்தை மேட்டுக்கு ஏற்றிய கதிரைப்பிள்ளை

ஒரு யோசனையை அடுத்தவர் மண்டைக்குள் இறக்குவதில் கதிரைப்பிள்ளைக்கு ஈடான ஆள் கண்டிச் சீமையில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கம்பளைக்கு மேலே, நான் வேலை செய்த காப்பித் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. பெற்றோர் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. எங்கே போனாலும் தோளில் ஒரு பிரம்புக் கதிரை. யாரிடமாவது காரியம் பேச வேண்டுமென்றால், கதிரையைப் போட்டு அந்த ஆளை உட்கார வைப்பார், தான் நிற்பார்.

"நிக்கிறவன் காதுல எதுவும் ஏறாதுப்பா. அவனுக்குப் போற எடத்து நெனப்புதான்" என்பார்.

அக்குறணையிலிருந்து மிளகாய் விற்க வந்த வியாபாரியை நடுப்பாதையில், தூறலில் உட்காரவைத்துப் பேசி, இனி மாதம் இருமுறை வருவதாகச் சம்மதிக்க வைத்தவர் அவர்.

நாங்கள் குடியிருந்த லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், பள்ளத்தில், ஓடையை ஒட்டி இருந்தது. பெருமழை பிடித்தால் அறைக்குள் தண்ணீர் வரும். பின்னாலேயே காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலுக்குத்தான் எங்கள் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தோம். என் மனைவி மறுபடி மாசமானபோது, லயத்தை மேட்டுக்கு மாற்ற வழி பண்ணுங்கள் என்று கதிரைப்பிள்ளையிடம் அழாக்குறையாகக் கேட்டேன்.

முதலில் பெரிய கங்காணியை உட்கார வைத்தார். "மேட்டுல மொத வீடு ஒங்களுக்குங்க. வாசல்ல நின்னா தோட்டம் பூரா தெரியும்." கங்காணி மீசையைத் தடவினார்; முடிந்தது. மேட்டில் காற்றடிக்கும் என்று பெண்கள் முரண்டு பிடித்தார்கள். பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக அதே கதிரையில் உட்காரவைத்து, "மூங்கில் பீலி வச்சா ஊத்துத் தண்ணி வாசலுக்கே வரும் தாயி" என்று பன்னிரண்டு தடவை சொன்னார்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை மட்டும் மசியவில்லை. "இருக்கிற லயம் போதும்" என்று இரண்டு முறை தட்டிக்கழித்தார். அடுத்த பெருமழையன்று, கூரை ஒழுகுகிறது என்று சொல்லித் துரையை எங்கள் அறைக்கே கூட்டிவந்துவிட்டார் கதிரைப்பிள்ளை.

"உக்காருங்க தொரை."

துரை உட்கார்ந்தார். இவர் கூரையைப் பற்றியே பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வாசற்படி தாண்டி வந்து பூட்ஸைத் தொட்டது. துரை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"என்ன பிள்ளை இது? தண்ணி வருது!"

"ஆமாங்க தொரை. நாளைக்குக் காச்சலும் வரும். காப்பிப் பழம் எடுக்கிற நேரத்துல பாதி ஆளு படுத்துருவாங்க. பழம் செடியிலேயே அழுகிரும்."

துரை திரும்பினார். மூலையில், மரப்பெட்டி மேல் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கே கட்டணும்?" என்றார்.

தை மாதம், மேட்டு லயத்தில், காய்ந்த தரையில் என் மகள் பிறந்தாள். நன்றி சொல்லப் போனேன். தோட்டத்தையே பேசி மடக்கிய மனிதருக்கு, யாராவது நன்றி சொன்னால் மட்டும் நின்று கேட்க முடியாது. "பழம் கெடக்கு, போய் வேலையப் பாருப்பா" என்று சரிவில் இறங்கி ஓடியே போய்விட்டார்.

பிறகு காப்பியை நோய் தின்றது. தோட்டம் கலைந்தது, அவர் போன திசை தெரியவில்லை. என் மகளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அன்று சொல்ல விடாத நன்றி இன்னும் என்னிடமே இருக்கிறது; எங்கேயாவது அவரைக் கண்டால், இந்தத் தடவை நானும் கூடவே ஓடுவேன்.