ஆர்தர் ராஜாவின் அடுக்களையில் என் சனிக்கிழமைகள்

இனி ஒரு சனிக்கிழமைகூட அடுத்தவன் கக்கூஸைக் கழுவ மாட்டேன் என்று ஈஸ்டருக்கு மறுநாள் முடிவெடுத்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. போன வருஷம்தான் கல்யாணமானது. இந்த வயதில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் கார்ன்வாலில் மற்ற பையன்கள் சனிக்கிழமையானால் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடுகிறார்கள். நான் கக்கூஸ் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு டாம்சின் பின்னால் ஓடுகிறேன்.

டாம்சின் என் மனைவி. லண்டன்காரர்கள் எங்கள் ஊரில் வாங்கிப் போட்டிருக்கும் விடுமுறை வீடுகளைச் சுத்தம் செய்வது அவள் தொழில். வாடகைக்கு வந்தவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புவார்கள். அடுத்த கூட்டம் நாலு மணிக்கு வந்து இறங்கும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஊரில் கை கால் உள்ள அத்தனை பேரும் மாப்பும் வாளியுமாகப் பறப்பார்கள். சனிக்கிழமை எங்கள் ஊரில் யாரும் சாவதில்லை. செத்தால் தூக்க ஆள் கிடைக்காது.

“வாரம் பூரா மரக் கிடங்குல பலகை தூக்கறேன் டாம்ஸ். சனிக்கிழமையாவது என்னை மனுஷனா இருக்க விடு.”

“இரு. மனுஷனா இருந்துக்கிட்டே அந்த பெட்ஷீட்டை உருவு.”

இவளிடம் வெறுமனே முடியாது என்று சொன்னால் நடக்காது. காரணம் வேண்டும். அவள் வாயை அடைக்கிற அளவுக்குப் பெரிய காரணம். அது பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டு மிஸ்டர் நான்கிவெல் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வட்ட மேசையைச் சுற்றி வீரர்களை உட்காரவைத்த பழங்கதை ஆர்தர் ராஜா கார்ன்வால்காரர் என்று நாங்கள் எல்லோருமே நம்புகிறோம். நான்கிவெல் தனக்கு அம்மா வழியில் சொந்தம் என்று நம்புகிறார். வருஷத்துக்கு ஒரு ஆர்தர் படம் எடுப்பார். கையில் காசு கிடையாது, மூளை மட்டும்தான். மேட்டுவெளியில் பாழடைந்து நிற்கும் வெள்ளீயச் சுரங்கத்து எஞ்சின் வீடுதான் அரண்மனை. மின்சாரக் கம்பி சுற்றிவந்த பெரிய மரச் சக்கரம்தான் வட்ட மேசை. அதைச் சுற்றி நாலு பேர்தான் உட்கார முடியும். அதனால் அவர் படங்களில் ஐந்தாவது வீரன் வருவதற்குள் ஒருவன் செத்தாக வேண்டும். சங்கிலிக் கவசம் என்பது அவருடைய அக்கா மோட்டா நூலில் பின்னிய ஸ்வெட்டர், மேலே வெள்ளிப் பெயின்ட். மழையில் நனைந்தால் முழங்கால் வரை வளரும். ஹெல்மெட், கண்ணுக்கு ஓட்டை போட்ட கரி வாளி.

“வாளிதான் ராசா நம்ம சொத்து,” என்பார். அவருக்கு ஊரில் எல்லோரும் ராசா, இல்லாவிட்டால் கண்ணு. “தலையில கவுத்துட்டா உள்ள யார் வேணா இருக்கலாம். போன படத்துப் போர்க்களத்துல செத்த அத்தனை பேரும் எங்க அக்காதான்.”

இந்த வருஷம் நான்தான் ஹீரோ என்றேன். ஒரே ஒரு நிபந்தனை, படப்பிடிப்பு சனிக்கிழமை மட்டும்.

“ஏன் ராசா?”

“சனிக்கிழமை வெளிச்சம்தான் என் முகத்துக்கு ஒத்துவருது.”

அவர் அதை அப்படியே நம்பினார். கலைஞர்களிடம் எனக்குப் பிடித்த குணம் இது.

டாம்சினிடம் சொன்னபோது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “சரி,” என்றாள். அவ்வளவுதான். முகம்கூட மாறவில்லை. பிறகு நான்கிவெல்லைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். ஸ்கோன் ரொட்டியைப் பிளந்து, ஜாம் தடவி, அதன் மேல் கிரீமை மலை மாதிரி குவித்து வைத்தாள். டாம்சின் கிரீம் விஷயத்தில் கஞ்சம். நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். ஸ்கோன் தின்றுகொண்டிருந்தேன்.

“ஏன் மிஸ்டர் நான்கிவெல், சனிக்கிழமை மட்டும் எடுக்கறீங்களாமே?”

“தம்பி முகத்துக்கு அந்த வெளிச்சம்தான் ஒத்துவருமாம் கண்ணு.”

அவள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். “ஆமா, மத்த நாள்ல மங்கலாத்தான் இருக்கு. கதை என்ன?”

“கல்லுலேருந்து வாளை உருவறது.”

“போன தடவையும் அதானே?”

“போன தடவை காத்து. வாள் நின்னுச்சு, கல்லு பறந்துடுச்சு. தெர்மோகோல்தானே.”

டாம்சின் அவர் தட்டில் இன்னொரு ஸ்கோன் வைத்தாள். “இன்னொரு கதை இருக்கே, அதை ஏன் எடுக்கக் கூடாது? ஒரு பையன் தன் பேரைச் சொல்லாம ஆர்தர் ராஜா அடுக்களையில ஒரு வருஷம் எடுபிடி வேலை பார்ப்பான். எல்லாரும் அவனைக் கேலி பண்ணுவாங்க. கடைசியில பார்த்தா பெரிய வீரன்.”

நான்கிவெல் ஸ்கோனைக் கீழே வைத்தார். “அடுக்களையா? உள்ளயே எடுத்துடலாமே. மழை வராது, கல்லு பறக்காது. ஆனா அரண்மனை அடுக்களைக்கு எங்க போறது கண்ணு?”

“என்கிட்ட ஆறு வீட்டு அடுக்களை இருக்கு. சனிக்கிழமை பத்துலேருந்து நாலு வரைக்கும் காலியாத்தான் கிடக்கு. வெளிச்சமும் பெரனுக்கு ஏத்த வெளிச்சம்.”

பெரன் நான்தான். எனக்குத் தொண்டையில் கிரீம் அடைத்தது. “ஆர்தர் காலத்துல ஏது ஓவன்? ஏது வாஷ்பேசின்?”

“கேமராவை அந்தப் பக்கம் திருப்பாம எடுத்தாப் போச்சு,” என்றாள்.

“அப்ப ஓவனை நான் நிஜமா கழுவத் தேவையில்லையே.”

நான்கிவெல் கண்ணை மூடி யோசித்தார். “கழுவினாத்தான் ராசா முகத்துல அந்தக் கஷ்டம் வரும். படத்துல ஓவன் தெரியாது, கஷ்டம் தெரியும்.”

நான் படத்தைவிட்டு விலகியிருக்கலாம். விலகினாலும் சனிக்கிழமை அதே ஓவன்தான், கேமரா மட்டும் இருக்காது. தவிர, கடைசிக் காட்சி இருந்தது. பையன் கவசம் மாட்டி, குதிரையேறி, செந்நிறக் கவசக்காரனோடு வாள் சண்டை போடுகிறான். அந்த ஒரு காட்சிக்காக எதையும் கழுவலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் என்னை நாடகத்தில் புதராக நிறுத்திவைத்தார்கள். அந்த வருஷமே படிப்பை விட்டேன். ஒரு தடவையாவது கையில் வாளோடு என்னை இந்த ஊர் பார்க்க வேண்டும்.

“சண்டை எப்போ?”

“அக்டோபர் கடைசி சனிக்கிழமை,” என்றாள் டாம்சின். “சீசன் முடியட்டும்.”

அந்தக் கோடை முழுக்க வெள்ளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கழுவினேன். பாத்திரம் கழுவியது நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். பாத்டப்?

“ராஜா குளிக்க மாட்டாரா?” என்றாள்.

ஆறு வீட்டிலும் பெட்ஷீட் மாற்றினேன். அது ராஜாவின் படுக்கையறைக் காட்சி. ஷவர் வடிகாலில் அடைத்திருந்த முடியை எடுத்தேன். அது வில்லனின் சூழ்ச்சி. கக்கூஸுக்குள் தலையைவிட்டுத் தேய்க்கும்போது நான்கிவெல் முட்டிபோட்டு என் முகத்துக்குக் கிட்டே கேமராவைக் கொண்டுவந்து, “இன்னும் கொஞ்சம் அவமானமா பாரு ராசா,” என்றார். அதற்கு நான் முயற்சியே எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருமுறை பர்மிங்காம் குடும்பம் ஒன்று சீக்கிரமே வந்துவிட்டது. கவசத்தோடு நான் பாத்டப்பில் மண்டியிட்டிருப்பதை அந்த அம்மா பார்த்தார். கத்தவில்லை. வெளியே போய்ப் புருஷனிடம், “இங்க எல்லாமே வாடகையில சேர்த்தி போலிருக்கு,” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நடுநடுவே சில விஷயங்கள் இடித்தன. டாம்சின் முழங்கையில் காயம். மாடிப்படியில் இடித்துக்கொண்டாளாம். மேட்டுவெளியில் நான்கிவெல் படத்துக்காகப் பிடித்துவைத்திருந்த மட்டக்குதிரைக்கு பிஸ்கட் என்று பெயர், அது என்னைக் கண்டால் கடிக்கும். அவளைக் கண்டால் ஓடிவந்து தோளில் மூக்கைத் தேய்க்கும். ஒருநாள் கரி வாளியைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே அவளுடைய ஷாம்பூ வாசனை. கழுவி வைத்திருக்கிறாள், பாவம், என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். இப்படியும் ஒரு மடையன்.

ஸ்வெட்டருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, வாளை ஒரு மணி நேரம் துடைத்துப் பளபளப்பாக்கியதையும் படம் பிடித்தார்கள். அதைச் சண்டைக்கு முந்தின காட்சி என்றார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை வந்தது. எஞ்சின் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றேன். டாம்சின் வந்தாள்.

“கடைசி வீட்டுல நாய் வெச்சிருந்தாங்க பெரன். ரெண்டு நாய். கார்ப்பெட்டைப் பார்த்தேன், எனக்கே அழுகை வந்துடுச்சு.”

“இன்னைக்குச் சண்டை டாம்ஸ்.”

“ஒரே ஒரு அடுக்களைக் காட்சி. முடிச்சுட்டுப் போயிடலாம்.”

அடுக்களைக் காட்சி கார்ப்பெட்டில் நடந்தது. முடித்து நிமிர்ந்தபோது மேட்டுவெளி மேல் மழை இறங்கி இருட்டிக்கொண்டிருந்தது. நான்கிவெல்லிடம் ஓடினேன். கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சண்டை?”

“அதெல்லாம் எடுத்தாச்சு ராசா. பிரமாதமா வந்திருக்கு.”

“நான் இல்லாமலா?”

“மூடின வாளிக்குள்ள யார் இருந்தா என்ன?” என்று என் தோளைத் தட்டினார்.

முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். குதிரை கடிக்கவில்லை, குளிரில் விறைக்கவில்லை, கீழே விழவில்லை. யாரோ ஒருவன் எனக்காக விழுந்திருக்கிறான். ஆனால் படத்தில் வாளிக்குள் இருப்பது நான்தானே? யாருக்குத் தெரியப்போகிறது? திங்கட்கிழமை மரக் கிடங்கில் அத்தனை பேரிடமும் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டினேன். மேஸ்திரி ஹிக்ஸ் அரிவாள் மாதிரி மீசை வைத்த ஆள், எதற்கும் அசர மாட்டார். அவரே, “குதிரையிலேருந்து குதிச்சியா?” என்றார்.

“ஓடற குதிரையிலேருந்து,” என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பொது மண்டபத்தில் படம் போட்டார்கள். கிடங்கே திரண்டு வந்துவிட்டது. எல்லோர் கையிலும் இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டி. என் ஒரு பக்கம் ஹிக்ஸ், இன்னொரு பக்கம் டாம்சின், அவளுக்கு அந்தப் பக்கம் தபால் நிலையத்து மிஸஸ் போலிதோ.

பாதிப் படம் நான் கழுவினேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், பின்னால் இருக்கிறது என்று காத்திருந்தேன். வாளைத் துடைத்தேன். கவசத்தை மடித்து வைத்தேன். அடுத்து எஞ்சின் வீட்டுப் புகைபோக்கி. காற்று. பிஸ்கட் மேல் வாளி மாட்டிய வீரன். சுழன்று வந்து செந்நிறக் கவசக்காரனை ஒரே போடு போட்டுச் சாய்த்தான். குதிரையிலிருந்து குதித்தான். உருண்டு எழுந்தான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஹிக்ஸ் என் முதுகில் ஓங்கித் தட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரையில் வீரன் வாளியைக் கழற்றினான்.

சிவப்புக் கூந்தல் தோள் வரை சரிந்தது. டாம்சின். வாளை உறையில் செருகிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, “கவசம் நல்லா பளபளன்னு இருக்கு தம்பி,” என்றாள். படம் முடிந்தது.

ஹிக்ஸின் கை என் முதுகிலேயே நின்றுவிட்டது. “ஓடற குதிரை,” என்றார் மெதுவாக.

நான் டாம்சின் பக்கம் சாய்ந்தேன். “எப்ப எடுத்தீங்க இதெல்லாம்?”

“நீ கிடங்குக்குப் போன நாள்லதான். எனக்கு வாரநாள் வெளிச்சம்தான் ஒத்துவருது.”

“கதைப்படி அந்தப் பையன்தானே வீரன்?”

“கதையில அவன் வாயைத் திறக்காம ஒரு வருஷம் வேலை பார்ப்பான் பெரன். நீ எந்த சனிக்கிழமை வாயை மூடின?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மிஸஸ் போலிதோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சண்டை இருக்கட்டும் கண்ணு. அந்தக் கழுவற பையன், என்னமா நடிச்சான். யாரு அது?”

“என் புருஷன்தான். நடிப்பெல்லாம் இல்ல, நிஜமாவே நல்லாத் தேய்ப்பான்.”

“எங்க வீட்டு ஓவன் ரொம்ப நாளா அப்படியே கிடக்கு. சனிக்கிழமை அனுப்புவியா?”

“சனிக்கிழமை முடியாதே,” என்றாள் டாம்சின். “ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருக்கான்.”