முரசு கொட்டி வந்த மீட்பு

வெண்கலபுரி என்றொரு நாடு. அங்கே அரசாங்கம் எங்கே போனாலும் முரசு கொட்டிக்கொண்டுதான் போகும். சாக்கடையைப் பார்வையிடப் போனாலும் சரி, சமாதானம் பேசப் போனாலும் சரி, முன்னால் முரசு, பின்னால் அதிகாரி. குழந்தைகளின் கை நெருப்பைத் தொடக்கூடாது என்று அந்த நாட்டில் அருமையான சட்டம் ஒன்றும் இருந்தது. அதைக் கட்டிக்காக்கக் காண்துறை, கேள்துறை, மீட்புத்துறை என்று மூன்று துறைகள். காண்துறை பார்க்கலாம், கேட்கக்கூடாது. கேள்துறை கேட்கலாம், தொடக்கூடாது. மீட்புத்துறை தொடலாம், ஆனால் மற்ற இருவரும் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

செம்பாயியின் மகள் அரியநாச்சி வளையல் சூளைக்குள் இருந்தாள். எழுத்துச் சொல்லித்தருகிறோம் என்று அழைத்துப்போனவர்கள் கண்ணாடி உருக்கச் சொல்லித்தந்தார்கள். பெற்றவளை வாசல் பக்கம்கூட அண்டவிடவில்லை. செம்பாயி அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். உடனே முரசு முழங்கியது. ஊர்வலம் ஆற்றைக் கடப்பதற்குள் சூளை முதலாளி காதில் விழுந்துவிட்டது. பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகச் சவுக்குத் தோப்புக்குள் விரட்டிவிட்டு, அதிகாரிகளுக்கு இளநீர் வெட்டி வைத்தார். காண்துறை பார்த்தது, குழந்தைகள் இல்லை. கேள்துறைக்குக் கேட்க ஆளில்லை. மீட்புத்துறை இளநீரை மட்டும் தொட்டது.

செம்பாயி ஒருங்கிணைப்பு மந்திரியிடம் போனாள்.

"சாமி, ஒரு தடவ முரசு இல்லாம போய்ப் பாருங்க. எம்புள்ள உள்ளதான் இருக்கா."

மந்திரி மனம் புண்பட்டுப்போனார். "முரசில்லாமல் நுழைகிறவன் திருடன், அம்மா. அரசாங்கம் திருடனா? துறைகளுக்குள் ஒருங்கிணைப்புப் போதவில்லை. அதைச் சரிசெய்துவிடுகிறேன்."

சரிசெய்தார். இனி ஒவ்வொரு துறைக்கும் தனி முரசு என்று ஆணை வந்தது. முதலாளிக்கு இளநீரோடு நுங்கும் வெட்ட நேரம் கிடைத்தது. சூளைக் கதவு பூட்டிக் கிடந்தால் அரசின் கௌரவம் என்னாவது என்று, முதல்நாளே முதலாளிக்குச் சொல்லியனுப்ப இன்னோர் ஆணை வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் உச்சம். அரசு வரும்போது ஒளிந்துகொள்ளும் குழந்தை, அரசு தன் கடமையைச் செய்யவிடாமல் தடுத்த குற்றவாளி. அதன்பின் முதலாளி யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டால் போதும், ஏற்கெனவே ஒளிந்த குற்றத்துக்குத் தங்களைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று, முரசு கேட்டதும் பிள்ளைகள் பயந்து தாமாகவே ஓடினார்கள்.

அடுத்த முறை முரசு கேட்டபோது செம்பாயி சூளை வாசலுக்குப் போகவில்லை. சூளைக்குப் பின்னாலிருந்த தோப்புக்குப் போனாள். சவுக்கு மரங்களுக்கிடையே மகள் நாச்சி ஓடிவருவதைக் கண்டாள். ஒரு கை வெந்து தோலுரிந்திருந்தது. எட்டிப் பிடிப்பதற்குள் சூளை ஆட்கள் கம்போடு வந்து பிள்ளைகளை ஆடுமாடு மாதிரி ஓட்டிப்போய்விட்டார்கள். அன்று செம்பாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வரவேண்டியதுதான்.

அரசு முரசு கொட்டுகிற மாசானத்தின் மகனும் அதே சூளையில்தான் இருந்தான். பெற்ற பிள்ளையை ஒளியவைக்கும் சத்தத்தைத் தன் கையாலேயே எழுப்பிக்கொண்டிருந்தார் மனிதர்.

"அண்ணே, நாளைக்கு யாரும் சொல்லாமலே கொட்டுங்க," என்றாள் செம்பாயி.

"யாரு ஆணைன்னு கேட்டா?"

"பெத்தவ ஆணைன்னு சொல்லுங்க."

மறுநாள் முரசு அதிர்ந்தது. ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லையே என்று அலுத்துக்கொண்டே முதலாளி பின்கதவைத் திறந்துவிட்டு இளநீர் வெட்டப் போனார். பிள்ளைகள் தோப்புக்குள் ஓடினார்கள். அங்கே மரத்துக்கு மரம் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். கம்போடு பின்னால் வந்த ஆட்கள், அம்மாக்கள் கையிலிருந்த அரிவாள்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப்போனார்கள்.

சாயங்காலம் செம்பாயியின் தெருவுக்கு மூன்று துறைகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. முரசில்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை. மந்திரியே நடந்து வந்திருந்தார்.

"ஒருங்கிணைப்பில்லாத மீட்பு செல்லாது," என்றார். "குழந்தைகளை மறுபடி சூளையில் விட்டுவிடுங்கள். முறைப்படி வந்து நாங்களே மீட்போம். மறுத்தால் கைது."

செம்பாயி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு பேருக்கும் ஒண்ணா வரத் தெரிஞ்சிருக்கு. முரசு இல்லாம வரவும் தெரிஞ்சிருக்கு. எம்புள்ள வெந்துக்கிட்டு இருந்தப்ப மட்டும் தெரியலையா?"

"இது அவசரம், அம்மா."

"அதுவும் அவசரந்தான் சாமி. புள்ளைகளத் தர மாட்டோம். ஆனதப் பாருங்க."

மந்திரி கண்ணைக் காட்டினார். மீட்புத்துறை முதல்முறையாக ஒரு குழந்தையை நோக்கிக் கையை நீட்டியது. நாச்சி ஓடவில்லை. மாசானம் திண்ணையில் இறக்கி வைத்திருந்த முரசுக்குப் பக்கத்தில் போய், வெந்த கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, மற்ற கையால் ஓங்கி அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள்.

அந்தச் சத்தம் கேட்டால் பின்கதவைத் திறப்பதுதான் வெண்கலபுரி வழக்கம். அன்று தெரு நெடுக முன்கதவுகள் திறந்தன. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பின்வாசல் எந்தப் பக்கம் என்று தேடியவர்கள் அதிகாரிகள்தான்.