துரை பங்களா பெஞ்சு

பழைய சாமான் சேர்க்கிறவர்களுக்குப் பணம் போவது பெரிய நஷ்டமில்லை, புத்தி போவதுதான் நஷ்டம். ஒரு சாமானைக் கண்டதும் அதற்கு ஒரு சரித்திரத்தை நாமே கட்டி, அதை நாமே நம்பி, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவோம். நாம் என்று ஒரு மரியாதைக்காகச் சொல்கிறேன். நான்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு அந்தப் பைத்தியம் முற்றியிருந்தது. பதுளையில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஜாரில் நானா என்று ஊரே கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரின் பழைய சாமான் கடை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் உடைக்கிற வீடுகளின் கதவு, மேசை, விளக்கு எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். நான் சட்டைப் பையில் ஒரு காந்தத்தோடு போவேன். பித்தளை விளக்கில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று அர்த்தம். மரச் சாமானென்றால் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, குப்புறப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பொலிஷ் போகாத இடத்தில்தான் வயசு தெரியும். பிடித்த சாமானைக் கண்டால் முகத்தில் காட்டிக்கொள்ளவும் கூடாது. (இதில் நான் கைதேர்ந்தவன் என்று நினைப்பு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நானாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பது பிறகுதான் விளங்கியது.)

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். ஆளுயர நீளம், நல்ல பலா மரம். ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து, நடுவில் மெல்லிய பள்ளம் ஓடி, மறுபக்கம் ஒரு ஓட்டையில் முடிந்தது. நாலு மூலையிலும் நாலு பிடி. அந்த மாதிரி வேலைப்பாட்டை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. குனிந்து அந்தப் பள்ளத்தில் மூக்கை வைத்து மோந்தேன். (மரத்தை மோந்து பார்ப்பது எங்களுக்குள் ஒரு பழக்கம்.) லேசாகச் சந்தன வாசம் வந்தது.

"எங்க இருந்து வந்துச்சு நானா?"

"தோட்டத்துச் சாமான் மாஸ்டர். ரொம்பப் பழசு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"தொர பங்களா சாமானா?"

"நீங்க சொன்னாச் சரி."

நான் சொன்னேன், சரியாகிவிட்டது. சந்தன வாசத்துக்கும் அந்தத் துரை பூசிய செண்ட்தான் காரணம் என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். அன்றிலிருந்து பெஞ்சு எங்கள் வீட்டு ஹாலில் ராஜாவாக வாழ்ந்தது. மகள் அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வெயில் அடிக்கிற நாளில் மனைவி சாந்தி அதை முற்றத்துக்கு இழுத்துப் போய் வடகம் காயவைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி மலருக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மலர் நர்ஸ். மாப்பிள்ளை தினேஷ், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், வங்கியில் வேலை. இரண்டு பேரும் ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது தினேஷின் அப்பா சபாபதியின் சம்மதம் மட்டும்தான். அவரோ சகுனம் பார்ப்பதில் அப்படி ஒரு மனுஷன். முதல் தடவை பெண் பார்க்கப் புறப்பட்டு, தெமோதரையில் வேனுக்கு டயர் பஞ்சரானதும் அபசகுனம் என்று அப்படியே திரும்பிப் போய்விட்டார். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, நான்தான் பெரியவன். இரண்டாம் தடவை அவர்கள் வருகிறார்கள் என்றதும் மலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு வேண்டாம்னு சொல்லிட்டா தினேஷ் அவர மீறி வரமாட்டாரு. எனக்கும் வேற யாரும் வேண்டாம். அவங்க இருக்கிற வரைக்கும் உங்க பழைய சாமானப் பத்தி வாயத் தெறக்காதீங்க. இது ஒண்ணுதான் கேக்குறேன்."

தலையாட்டினேன். வாயைத் திறக்க மாட்டேன், சாமானே பேசட்டும் என்று பெஞ்சை நடு ஹாலில் போட்டுப் பளபளவென்று துடைத்து வைத்தேன். சாந்தி விரித்திருந்த பூப்போட்ட துணியையும் எடுத்துவிட்டேன். மரம் தெரியவேண்டாமா?

வந்தார்கள். சபாபதியைப் பெஞ்சின் நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கம் மாப்பிள்ளையையும் மறுபக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பாவையும் உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்குக் கதிர போதும்" என்று ஓரத்து நாற்காலிக்கு ஒதுங்கிக்கொண்டார். (பெண்களுக்கு மனசில் பட்டுவிடுகிறது.) வடைத் தட்டையும் கேசரியையும் பெஞ்சின் மேலேயே வைத்தோம்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாதான் ஆரம்பித்தார். "பெஞ்சு பலமா இருக்கே மாஸ்டர். இந்த ஓட்டை எதுக்குங்க?"

தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. எழுந்து நின்றே பாடம் நடத்தினேன்.

"தொர பங்களா சாமானுங்க இது. தொர மழையில நனஞ்சு வந்து ஒக்காந்தா தண்ணி வடியணும்ல, அதுக்கு அந்த ஓட்ட. இந்தப் பக்கம் ஒசரமா இருக்கு பாருங்க, அது சாஞ்சுக்கிட்டுப் பேப்பர் படிக்க. நாலு பிடியும் நாலு பேரு தூக்க. தொர ஒக்காந்தபடியே தோட்டத்தச் சுத்திப் பாப்பாரு."

சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார். கன்னத்துக்குள் வடை அப்படியே இருந்தது. தினேஷ் மெதுவாக எழுந்து சுவரோரம் போய் நின்றான். சபாபதி மட்டும் அசையாமல் பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகா, ரசிக்கத் தெரிந்த மனுஷன் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது.

"மேல பாக்காதீங்க. அடிப்பக்கம் பாருங்க, அங்கதான் வயசு தெரியும்."

அவர் இறங்கி, மண்டி போட்டு, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அடியில வெடிப்புக்கு ஒட்டுப் போட்டிருக்கிற இந்தத் தேயிலப் பெட்டித் தகரத்த அடிச்சது நான்தான்" என்றார். "நாலு பேரு தூக்குறது சரிதான் மாஸ்டர். ஆனா யாரும் ஒக்காந்து போகல."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவரே சொன்னார். அது அவர்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துப் பெஞ்சு. தொழிலாளர் லயத்தில் யார் இறந்தாலும் அதில் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். சங்கத்துக்கு இரும்பில் புதிதாக ஒன்று செய்தபோது, தலைவராக இருந்த அவரே பழையதை வெட்டி எரிக்கச் சொல்லியிருக்கிறார். அடுப்பில் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. கை மாறி நானா கடைக்கு வந்துவிட்டது.

"எங்கப்பாவையும் இதுலதான் குளிப்பாட்டுனேன்" என்று முடித்தார்.

(நான் டவுனில் வளர்ந்தவன். இங்கே யாராவது தவறினால் சவச் சடங்கு நடத்துகிற மலர்ச்சாலைக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைப் பிறகு சாந்தியிடம் பல தடவை கேட்டேன்.)

முதலில் ஞாபகம் வந்தது என் மூக்கு. எந்தப் பள்ளத்தில் மூக்கை வைத்தேன், அது என்ன சந்தனம், யாருக்குப் பூசிய சந்தனம் என்று நினைத்ததும் மூக்கை வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தேன். சாந்தி குசினிக்குள் போய், வடகம் போட்டிருந்த டின்னை எடுத்துக்கொண்டு பின்வாசலால் வெளியேறினாள். சித்தப்பா வாயிலிருந்த வடையை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டயர் பஞ்சருக்கே திரும்பிப் போன மனுஷனைப் பிணம் குளிப்பாட்டுகிற பெஞ்சில் உட்காரவைத்துக் கேசரி கொடுத்திருக்கிறேன். என் தங்கச்சியின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

அப்போது யாரும் கூப்பிடாமலே மலர் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாமா, எங்க வார்டுல ஒருத்தரு தவறிப்போன கட்டில அன்னைக்கே கழுவித் தொடச்சு அடுத்த ஆளுக்குக் குடுக்குறோம். அந்த ஆளு சொகமாகி நடந்து வீட்டுக்குப் போறாரு. டீ ஆறுதுங்க மாமா."

சபாபதி அவளைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். கோப்பையை எடுக்கவில்லை. தினேஷ் தன் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டான்.

"எங்கப்பாவுக்கு இவன் கல்யாணத்தப் பாக்கணும்னு கடைசி வரைக்கும் ஆச" என்றார் சபாபதி. கண் கலங்கியிருந்தது. "நான் ஒரு பஞ்சரப் பாத்துட்டுத் திரும்பிப் போனேன். அவரு எனக்கு முந்தியே வந்து பொண்ணு வீட்டுல ஒக்காந்திருக்காரு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

சொல்லிவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்தார். எனக்கு முன்னதைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. சித்தப்பா மட்டும் கடைசிவரை நின்றுகொண்டேயிருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். பெஞ்சு சீரோடு வரவேண்டும். "கல்யாணம் வரைக்கும் எதுக்குங்க, இப்பவே ஏத்திருங்க" என்று சாந்தி பின்வாசலிலிருந்து கத்தினாள். அன்றே, பெண் பார்க்க வந்த வேன், கூரையில் பெஞ்சைக் கட்டிக்கொண்டு ஹல்துமுல்லைக்குப் போனது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பெஞ்சு இப்போது சபாபதி வீட்டு முன்னறையில். போன தீபாவளிக்குப் போயிருந்தோம். ஆட்டுக்கறிச் சோற்றை ஒரு பிடி பிடித்த பிறகு எனக்குக் கண்ணைச் சுழற்றியது. "சம்பந்திக்கு இல்லாத எடமா, படுங்க மாஸ்டர்" என்று அவர் பெஞ்சைக் காட்டி வற்புறுத்தினார். மறுத்தால் அவருடைய அப்பாவை அவமதித்த மாதிரி ஆகிவிடும். படுத்தேன். தூங்கியும்விட்டேன்.

யாரோ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தத்தில் விழித்தேன். பக்கத்து லயத்து அம்மா ஒருவர் பலகாரத் தட்டோடு வந்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில் அந்தப் பெஞ்சில் நீட்டிப் படுத்தவர் யாரும் இதுவரை எழுந்ததில்லை. தட்டைப் போட்டுவிட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததும் அந்தக் கூட்டம் ஓடிய ஓட்டத்தை மலர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

சாந்திக்குப் பிடித்தது ஒப்பாரிதான். இப்போதும் நான் எதையாவது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேற்றைத் திறந்தால் போதும், அவள் தலையில் கைவைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். மகளும் வந்து பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் அதே ராகத்தில் தொடங்குவார்கள்:

"பாத்துப் பாத்து வாங்குவியே, என் ராசாவே..."