தவளை குதிக்கவில்லை

தவளை படியேறியது, இறங்கியது, குளத்தங்கரைக்கு வந்து நின்றது. நின்றதோடு சரி.

குண்டூசி இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னவோ திருப்திப்பட்டவள்போலத் தலையாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து வழுக்கி இறங்கினாள்.

ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் சாக்ஸுமாக அவளுடைய அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் கால் நகரவில்லை.

"அப்புறம்?" என்றார்.

"என்ன அப்புறம்?"

"பாட்டு முடியலையேம்மா."

"முடிஞ்சிடுச்சுப்பா," என்று சொல்லிவிட்டு அவள் பல் தேய்க்கப் போனாள்.

அந்தப் பாட்டை இசை வகுப்பு மிஸ் சின்னப் பிள்ளைகளுக்காகத் தானே இட்டுக்கட்டியிருந்தார். தவளை ஒவ்வொரு படியாக ஏறும், ஒவ்வொரு படியாக இறங்கும், கடைசியில் குளத்தில் குதிக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவிலுள்ள வெள்ளைக் கட்டைகள். குதிப்பதற்கு மட்டும் இடது பக்கத்தில், ஆழமாக ஒலிக்கும் ஒரே ஒரு கட்டை. டும். அவ்வளவுதான். மகளைச் சேர்த்துவிடப் போன அன்று மிஸ் முழுப்பாட்டையும் வாசித்துக் காட்டியதை அப்பா தம் காதாலேயே கேட்டிருந்தார். அதற்குப் பிறகு வகுப்புக்குக் கூட்டிப்போய் வருவது அம்மாவின் பொறுப்பு. வாசலில் விடுவாள், வாசலில் அழைத்துக்கொள்வாள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவது அப்பாவின் பொறுப்பு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தரைக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிடுகிற லிஃப்டைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அது தரைமட்டத்துக்கு வந்து நிற்கும்வரை விடமாட்டார். அப்படிப்பட்டவருக்குத் தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு தவளை கரையிலேயே நின்றுபோனால் எப்படியிருக்கும்?

இதுகூடப் பெரிதில்லை. உண்மையான பயம் வேறு.

லிஃப்டைத் தவிர, வாழ்க்கையில் எதையுமே அவர் முழுதாக முடித்ததில்லை. மவுத் ஆர்கன் வாங்கி அரைப் பாட்டு கற்றுக்கொண்டார். தபால் வழி டிப்ளமாவில் கடைசிப் பரீட்சை பாக்கி. படுக்கையறையில் மூன்று சுவர் நீலம், ஒரு சுவர் பழைய மஞ்சள். மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மஞ்சள் சுவரை நலம் விசாரிக்காமல் போகமாட்டார். அவர்தான் அந்த வாரமும் வந்து, தவளை நின்றதைக் கேட்டுவிட்டு ஒரு போடு போட்டார்.

"என்ன மாப்ள, பொண்ணு அச்சு அசல் நீங்கதான் போலிருக்கு. கடைசியில கழண்டுக்கிற குணம் அப்படியே வந்திருக்கு."

தம்மைக் கேலி செய்தால் அப்பா எப்போதும் சிரித்துவிட்டுப் போகிறவர். அன்று சிரிப்பு வரவில்லை. மூக்கும் காதும் தம்மைப்போல என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, இதுவும் தம்மிடமிருந்து போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெற்றோர்கள் முன்னால் பிள்ளைகள் வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் தவளையைத் தண்ணீரில் தள்ளியாக வேண்டும்.

முதலில் நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"குண்டூசி, அந்தக் கடைசிக் கட்டை இருக்குல்ல, அதை ஏன் அழுத்த மாட்டேங்கிற?"

"அதைத் தொடக்கூடாதுப்பா."

தொடக்கூடாது என்றால்? மெக்கானிக்கின் மூளை மெக்கானிக் பக்கம்தான் ஓடும். கட்டையில் ஏதோ கோளாறு, குழந்தைக்கு விரலில் சுருக்கென்று குத்தியிருக்கிறது. குழந்தை தூங்கப் போனதும் கீபோர்டைக் குப்புறக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளேயிருந்த தூசியையெல்லாம் பிரஷ் வைத்துத் தட்டினார். குறை எதுவும் தெரியவில்லை. திரும்ப மூடியபோது இரண்டு திருகாணிகள் மிச்சமிருந்தன. மறுநாளிலிருந்து ஒரு கறுப்புக் கட்டை, யாரும் தொடாமலேயே, காதோரத்துக் கொசுவைப்போல ரீங்காரம் போட ஆரம்பித்தது.

குண்டூசி அதைப் பொருட்படுத்தவில்லை. கொசுவோடு சேர்ந்து தவளை ஏறியது, இறங்கியது, கரையில் நின்றது. அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அப்போதுதான் அப்பா கவனித்தார். இடது பக்கம் என்ன இருக்கிறது? ஃப்ரிட்ஜ் இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜ், எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். ஓஹோ, குழந்தையின் கவனத்தைக் கலைப்பது இதுதானா? பிளக்கைப் பிடுங்கினார். வீடே நிசப்தமானது. தவளை அந்த நிசப்தத்திலும் குதிக்கவில்லை. யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனவர், பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டார்.

சாயங்காலம் மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவி, கதவைத் திறந்ததுமே தண்ணீரில் கால் வைத்தாள். பால் திரிந்திருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவைச் சாய்த்தால் ஊற்றியது.

"பாட்டை முடிக்க வழி பண்ணுங்கன்னா, ஃப்ரிட்ஜை முடிச்சிட்டீங்களே," என்றாள். கோபத்தை அவள் இப்படித் தணிந்த குரலில்தான் சொல்வாள். அதுதான் அவருக்குப் பயம்.

"இல்ல, அவ அந்தப் பக்கமே பார்த்தா..."

"நாளைக்கு என்னைப் பார்த்தா என் வாயை அடைச்சிடுவீங்களா?"

ஆனால் அவளும் அந்தத் தவளையிடம் மாட்டிக்கொண்டவள்தான். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அவளையறியாமல் வாய் அந்தப் பாட்டை முணுமுணுக்கும். கரை வந்ததும் நின்றுவிடும். இருமல் மருந்துக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் பாக்கெட்டை வாங்கிக்கொண்டும் போகாமல், "அப்புறம்?" என்று நின்றாராம்.

மேல்வீட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். படிக்கட்டில் அப்பாவை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தை நல்லாத்தான் வாசிக்குது. ஆனா எனக்குப் பாதிப் பல்லைப் பிடுங்கிட்டு எழுந்து போயிட்ட மாதிரி இருக்கு. நேத்து என்னால முடியாம, நானே காலால தரையில ஒரு உதை உதைச்சேன்."

"அது நீங்கதானா?"

"நான்தான். கேட்டப்புறம்தான் தூக்கம் வந்துச்சு."

அடுத்தது லஞ்சம். அப்பா சாக்லேட் ஒன்றைக் கடைசிக் கட்டையின் மேலேயே வைத்துவிட்டார். எடுக்கப் போனால் கட்டை அழுந்தும், அழுந்தினால் டும் வரும், வந்தால் பயம் தெளியும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. குண்டூசி பாட்டைக் கரைவரை வாசித்தாள். பிறகு இரண்டு விரலால், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, சாக்லேட்டைத் தூக்கினாள். கட்டை அசையக்கூட இல்லை. தின்றுகொண்டே போய்விட்டாள்.

அதற்குள் வேலையிடத்திலும் வினை முளைத்தது. அவர் முந்தின நாள் சரிபார்த்துவிட்டு வந்த ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட், மாடிக்கு மாடி தரைக்கு நாலு விரற்கடை கீழேயே நிற்கிறதாம். கணக்கு அதிகாரி ஒருவர் தடுக்கி விழுந்து, ஃபைல்களெல்லாம் வராந்தா நெடுகப் பறந்தன. சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷத்துல உங்க பேர்ல ஒரு புகார் வந்ததில்ல. என்ன ஆச்சு உங்களுக்கு?"

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். லிஃப்ட் நிற்கவேண்டிய இடத்தைத் திருத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். பாதியில் விடும் குணம், அது எட்டிப் பார்க்காத ஒரே இடத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டதை நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பொறுமை போயிற்று. குண்டூசி கரைக்கு வந்து கையை எடுத்ததும், அப்பா பின்னாலிருந்து கையை நீட்டி அந்தக் கட்டையைத் தாமே அழுத்திவிட்டார்.

டும்.

மேலே டாக்டர் வீட்டில் யாரோ கை தட்டியது கேட்டது.

குண்டூசி திரும்பினாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"நீ ஏன்ப்பா வாசிச்ச? அது தப்பு. தப்புத் தப்பு."

"தப்பில்லம்மா, பாட்டே அப்படித்தான்."

"அதை வாசிச்சா மிஸ் திட்டுவாங்க," என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. இந்தக் குட்டித் தவளை என்றோ ஒருநாள் ஆசையாகக் குதித்திருக்கிறது, மிஸ் அதட்டியிருக்கிறார். அந்த அதட்டலில் குழந்தை கரையிலேயே உறைந்துபோயிருக்கிறாள். தம் குணமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தம்மையும் சின்ன வயதில் இப்படி யாராவது அதட்டியிருப்பார்களோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. மவுத் ஆர்கனுக்கு ஒரு காரணம் கிடைத்ததில் லேசான நிம்மதிகூட.

"ஞாயித்துக்கிழமை அந்த மிஸ்ஸை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கப்போறேன்," என்றார் மனைவியிடம்.

"நாலு கேள்வியையும் முழுசா கேட்டுட்டு வாங்க. ரெண்டோட வந்துடாதீங்க."

"நீயுமா?"

"சும்மா சொன்னேங்க. ஆனா நிகழ்ச்சிக்கு முன்னாடி சண்டை வேண்டாம். பிள்ளை பயந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு நீள அறை; சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேடை, அதில் ஒரு கீபோர்டு, ஒரு பெஞ்ச். அப்பா வாசலிலேயே மிஸ்ஸைப் பிடித்தார்.

"மிஸ், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். குழந்தைங்களை அதட்டுறது..."

"கண்டிப்பா பேசலாம் சார். முடியட்டும், உட்காருங்க," என்று மிஸ் சிரித்த முகமாக அவரை ஒரு நாற்காலியில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நாலு கேள்வியும் தொண்டையிலேயே நின்றன. பக்கத்து நாற்காலியில் மனைவியின் அண்ணன், மடித்த கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஆனால் மிக உற்சாகமாக இருந்தார்.

"தவளை இன்னிக்காவது நனையுமா மாப்ள?"

பிள்ளைகள் ஒவ்வொருவராகவும் கூட்டமாகவும் ஏறினார்கள், வாசித்தார்கள், இறங்கினார்கள். குண்டூசியின் முறை வந்தது. அவளோடு ஒரு குட்டிப் பையனும் ஏறிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அடுத்தது அவன் முறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அப்பா அவனை விட்டுவிட்டார். அவருடைய கண் மகளின் விரல்களிலேயே இருந்தது.

தவளை ஏறியது. ஒரு பிசிறு இல்லை. இத்தனை அழகாக அவள் வீட்டில் ஒருநாளும் வாசித்ததில்லை. தவளை இறங்கியது. இன்னும் இரண்டு படி, இன்னும் ஒரு படி, கரை.

குண்டூசி கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மச்சானின் முழங்கை அப்பாவின் விலாவை இடித்தது. பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. இத்தனை பேர் முன்னால் என் குழந்தை பாதியில் விடுகிறவள் என்று பேர் வாங்கப்போகிறாள், நான் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று அவர் மனம் பதறியது. அவரை அறியாமலே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். லிஃப்ட் குழியின் அடியில் நின்று மேல்மாடியில் இருப்பவனுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல் அது.

"டும்ம்ம்."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுரம் மட்டும் இம்மி பிசகவில்லை. ஆயுளில் முதன்முறையாக ஒரு பாட்டை முடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு ஒரு கணம் இருக்கத்தான் செய்தது.

பிறகுதான் அறையின் அமைதியைக் கவனித்தார். மேடையில் குண்டூசி நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கத்தில் அந்தக் குட்டிப் பையன், ஆழமான கட்டைக்கு நேர்மேலே ஒற்றை விரலை நீட்டியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கீழுதடு மெதுவாக நடுங்க ஆரம்பித்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு கை அப்பாவின் தோளைத் தொட்டது. திரும்பினார். பல நாள் தூங்காத கண்களோடு ஒரு மனிதர்.

"சார், விடிஞ்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் மூணு வாரமா என் பையன் எங்க வீட்டுல அந்த ஒரே ஒரு 'டும்'மைத்தான் வாசிச்சுக்கிட்டிருந்தான், அதையும் நீங்களே பாடிட்டீங்களே."