பச்சைப் படகில் சம்பந்திகள்

சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும் என்று சேஷாத்ரிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வாடகை ஆபீஸ் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் வந்துவிடும். நல்ல காரியம் பேசப் போகிற அன்று ராகு காலத்தில் கிளம்பவே கூடாது என்று அவர் மனைவி சந்திரகலா ஒற்றைக் காலில் நின்றாள். பச்சைப் படகு உங்களுக்கு என்று மெயில் வந்திருந்தது. துறையில் ஒரு பச்சைப் படகு நின்றது, அதில் சாவியும் தொங்கியது. வேறென்ன வேண்டும்? கிளம்பியாயிற்று.

நல்ல காரியம் என்பது மகள் யாமினியின் கல்யாணம். பையன் ஆரூரன், கிரான்பர்னில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்களான சிறிதரன், யோகா தம்பதியின் ஒரே மகன். சின்னவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். யோகா மட்டும் மாதக்கணக்காக "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் 'பாப்பம்' சேஷாத்ரியின் தூக்கத்தைக் கெடுத்தது. வெரிபீயில் இருக்கும் தன் வீட்டில் உட்காரவைத்து வடை கொடுப்பதைவிட, பழைய கம்பளி ஆலைகளுக்குப் பின்னால் ஓடும் இந்தக் கால்வாயில் ஒரு நாள் அழைத்துப்போனால் அவர் மனம் இளகும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

இரு குடும்பத்து ஆறு பேரையும் ஏற்றிக்கொண்ட படகு நேராகப் போய்க் கரையில் முட்டியது.

"அந்தப் பக்கம் இல்லை, மற்றப் பக்கம் தள்ளு" என்று பின்னாலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது. கம்பளிச் செருப்பும் கையில் தேநீருமாக ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் நின்றார். பெயர் டோரீன் என்றார். நேரத்தோடு வந்துவிட்டீர்களே என்று பாராட்டவும் செய்தார்.

சேஷாத்ரி தன் காரில் அவரை ஏற்றிவரவில்லை. அப்படியானால் மாப்பிள்ளை வீட்டார்தான் அழைத்து வந்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டு மனிதரிடம் போய் நீங்கள் யார் என்று கேட்பது எந்த ஊர் மரியாதை? இருந்ததில் நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதற்குள் யோகாவே ஒரு குஷனோடு ஓடிவந்தார்.

முதல் லாக் வந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவில் படகை அடைத்துத் தண்ணீரை வடித்து, கீழ் மட்டத்துக்கு இறக்கும் தொட்டி அது. கதவைத் தள்ளச் சின்னவர்கள் கரையில் குதித்தார்கள். சிறிதரன் கயிற்றை எடுத்தார்.

"கட்டிட்டீங்களா சார்?"

"ஓம், அசையாமல் இறுக்கிக் கட்டிப்போட்டன்."

தண்ணீர் இறங்கியது. படகும் இறங்கியது. கயிறு இறங்கவில்லை. படகின் ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்க, சந்திரகலா கொண்டுவந்திருந்த சாம்பார்ப் பாத்திரம் வழுக்கிப்போய்க் கம்பளத்தில் கவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து வாடகை ஆபீஸிலிருந்து போன். காலையில் சொல்லாததை இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சேஷாத்ரி அதைத் துண்டித்தார். டோரீன் உள்ளே போய், தேடாமலே ஒரு கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தார். படகு தொபீரென்று தண்ணீரில் விழ, மிச்ச சாம்பார் சேஷாத்ரியின் சட்டைக்கு வந்தது.

அடுத்து டோரீன் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துடைப்பானை எடுத்துக் கம்பளத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சந்திரகலாவுக்குத் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டு மனுஷி நம்ம சாம்பாரத் துடைக்கிறாங்க. எவ்வளவு பணிவு பாருங்க" என்று கணவர் காதில் சொல்லிவிட்டு ஓடிப்போய்த் துடைப்பானைப் பிடித்தாள். யோகாவும் வந்து மறுமுனையைப் பிடித்தார். மூவரும் இழுத்ததில் அது இரண்டாக முறிந்தது.

மானத்தை மீட்க சேஷாத்ரி வேகத்தைக் கூட்டினார். தாழ்ந்திருந்த வில்லோ மரக் கிளை, கூரை மேலிருந்த பூந்தொட்டிகளை வரிசையாகத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. வாடகைப் படகுதானே, போகட்டும் என்று அவர் சிறிதரனிடம் தமிழில் சொன்னார். டோரீனின் முகம் மட்டும் கொஞ்சம் வாடியது. அந்த ஜெரேனியம் அழகாக இருந்தது என்றார். பூவுக்காக வருந்தும் நல்ல மனசு என்று சேஷாத்ரி நெகிழ்ந்தார்.

இரண்டாவது லாக்கில், பட்ட புத்தியால் கயிறே கட்டாமல் விட்டார். படகு குறுக்கே திரும்பிச் சுவருக்குச் சுவர் செருகிக்கொண்டது. கூரையிலிருந்த நீளக் கழியால் நெம்பி விடுவித்ததும் டோரீன்தான். கீழ்த் துறையை அடைந்தபோது சேஷாத்ரிக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. சாம்பார் வாசனையோடு உட்கார்ந்து எல்லோருக்கும் புளியோதரை பரிமாறினார். முதல் தட்டு டோரீனுக்கு.

யோகா தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, நான் காலமையில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உங்களுக்குப் படகு ஓட்ட வராது. ஆனால் உங்கட ஆக்களோட வந்த இந்த அம்மாவை ரெண்டு பேரும் எப்பிடித் தாங்கினீங்கள். எங்கட பிள்ளையையும் அப்பிடித்தான் பாப்பீங்கள். எனக்கு முழுச் சம்மதம்."

சேஷாத்ரிக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் விழுங்கிய புளியோதரை பாதி வழியில் நின்றது.

"எங்க ஆளா? அவங்க உங்க கூட வரலையா?"

"இல்லையே."

எல்லோரும் திரும்பினார்கள். யாரோடு வந்தீர்கள் அம்மா என்று சேஷாத்ரி ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

டோரீன் தட்டை வழித்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்கே வந்தேன்? என் வீடே இந்தப் படகுதான். இதைக் கீழ்த் துறைக்கு நகர்த்திக் கொடுக்க இன்றைக்குத் தன்னார்வலர்கள் வருவார்கள் என்று கால்வாய்ச் சங்கத்தில் சொன்னார்கள். சாப்பாடும் கொண்டுவருவீர்கள் என்று சொல்லவே இல்லையே."